ஈவா இபார்ராவைக் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தவில்காரன்மகன்

டெக்சாஸ் பாடகி செலினாவைப் பற்றிய இழையில் தெஹானோ இசை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அக்கார்டியன் பக்கம் பேச்சு திரும்பியது. அந்த இழையைக் குழப்ப வேண்டாம் என்று இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

ஈவா இபார்ரா. 1945-ல் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்தில், மெக்சிகோ வம்சாவளியினர் நெருக்கியடித்து வாழும் மேற்குப் பகுதியில் பிறந்தவர். வீட்டில் எல்லோருமே பாட்டும் வாத்தியமுமாக இருந்தவர்கள். நாலு வயதில் அக்கார்டியனைக் கையில் எடுத்தார். பதினாலு வயதில் ரோசினா என்ற உள்ளூர்க் கம்பெனிக்கு முதல் ரெக்கார்டு போட்டார். பாடகி, பாட்டெழுதுகிறவர், தன் பெயரிலேயே கொன்ஹுந்தோ இசைக்குழு நடத்தியவர். அக்கார்டியன் ராணி என்று ஊர் கூப்பிடும்.

இவ்வளவு இருந்தும், டெக்சாஸுக்கு வெளியே பரவலாகக் கிடைத்த அவருடைய முதல் ஆல்பம் ரவுண்டர் கம்பெனி வெளியிட்ட 'ஆ மி சான் அந்தோனியோ'. அது வந்தது 1994-ல். அப்போது அவருக்கு வயது 49. பட்டத்தை மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்டார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

இரவுப்பறவை

முதலில் ஒரு அடிப்படைச் சந்தேகம். தெஹானோ வேறு, கொன்ஹுந்தோ வேறா? செலினா பாட்டில் அக்கார்டியன் அவ்வளவாகக் காதில் விழவே இல்லையே.

மேற்குப்பக்கம்

நான் சான் அன்டோனியோவில் இருக்கிறேன், சொல்கிறேன். தெஹானோ என்பது டெக்சாஸ் மெக்சிகர்களின் இசை மொத்தத்துக்குமான பெரிய குடை. அதற்குள் கொன்ஹுந்தோ என்பது அக்கார்டியனை நடுவில் வைத்த சின்னக் குழு. அக்கார்டியன், பாஹோ செக்ஸ்தோ என்கிற பன்னிரண்டு தந்திக் கிட்டார், பாஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டில் டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியர், செக் நாட்டவர் வழியாக அக்கார்டியனும் போல்கா என்கிற ஆட்ட இசையும் வந்தன. பண்ணைக் கூலிகளும் சிறு விவசாயிகளும் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். 1936-ல் அக்கார்டியன்காரர் நார்சிசோ மார்த்தினெஸ் புளூபேர்டு கம்பெனிக்கு ரெக்கார்டு போட்டபோது சாந்தியாகோ அல்மெய்டா பாஹோ செக்ஸ்தோ வாசித்தார். கொன்ஹுந்தோ வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

செலினா காலத்துத் தெஹானோவில் கீபோர்டும் பாப் சாயலும் மேலே வந்துவிட்டன. அக்கார்டியன் பின்னால் போய்விட்டது. அவருடைய 'அமோர் ப்ரோஹிபிதோ' வந்ததும் 1994-ல்தான், ஈவாவின் ஆல்பம் வந்த அதே வருடம். ஒரே மாநிலம், ஒரே மொழி. ஆனால் இரண்டையும் வாங்கிய கூட்டம் வேறு வேறு.

ரீட்ஸ் பாண்டி

அக்கார்டியன், ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிறவன் என்ற முறையில் வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த அம்மாவின் வாசிப்பைப் பாராட்டினால் அது சும்மா பாராட்டுத்தான்.

நம் ஊர் சினிமா இசைக்குழுக்களில் பார்த்த அக்கார்டியன் பியானோக் கட்டை வைத்தது. கொன்ஹுந்தோக்காரர்கள் வாசிப்பது பொத்தான் வைத்தது. ஹோனர் கொரோனா மாதிரிப் பெட்டியில் வலது பக்கம் மூன்று வரிசையில் 31 பொத்தான்கள், இடது பக்கம் 12. சூட்சுமம் என்னவென்றால், ஒரே பொத்தானைத் துருத்தியைத் தள்ளும்போது அழுத்தினால் ஒரு சுரம், இழுக்கும்போது அழுத்தினால் வேறு சுரம். உள்ளே ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாக இரண்டு ரீட் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் தகடு) இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் போகிறதோ அது பேசும்.

ஒரு வரிசையை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய ஒரு சங்கராபரணம். தள்ளும்போது ச, க, ப. இழுக்கும்போது ரி, ம, த, நி. எனவே ஸ்கேலை நேராக வாசிக்க வேண்டும் என்றாலே துருத்தி உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இதைத் தவிர்க்க நல்ல வாசிப்பாளர்கள் வரிசை விட்டு வரிசை தாவுவார்கள். இந்த வரிசையில் இழுத்தால்தான் கிடைக்கிற சுரம் அடுத்த வரிசையில் தள்ளும்போதே இருக்கும். காற்று எந்தத் திசையில் மிச்சம் இருக்கிறது, அடுத்த சுரம் எந்த வரிசையில் கிடக்கிறது என்பதை விரல் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். பொத்தானில் எழுத்தும் கிடையாது, அடையாளமும் கிடையாது.

ஈவாவின் ரெக்கார்டுகளைக் கேளுங்கள். போல்கா போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் சட்டென்று அந்த ஸ்கேலுக்கே சம்பந்தமில்லாத கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த அடிக்குள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார். பியானோக் கட்டையில் அது சாதாரணம். இந்தப் பெட்டியில் அதைச் செய்ய விரல்களை முறுக்கிக்கொள்ள வேண்டும். கூடவே துருத்தியை அழுத்துகிற விதத்தில் சத்தத்தை ஏற்றி இறக்குகிறார், பாடகர் மூச்சு விடுகிற மாதிரி. கொன்ஹுந்தோவில் பலர் ஒரே சத்தத்தில் கடகடவென்று போய்விடுவார்கள்.

கீர்த்தனா_ஹூஸ்டன்

பாண்டி அண்ணா, அருமை. ஒரு சின்னக் கேள்வி. இடது பக்கம் 12 பொத்தான் என்றீர்களே, கொன்ஹுந்தோ வீடியோக்களில் இடது கையை யாரும் உபயோகிப்பதாகவே தெரியவில்லையே?

ரீட்ஸ் பாண்டி

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள் தங்கச்சி. நார்சிசோ மார்த்தினெஸ் செய்த வேலை அது. பாஸை அல்மெய்டாவின் பாஹோ செக்ஸ்தோவிடம் விட்டுவிட்டு, இவர் வலது கை மெலடியில் மட்டும் விளையாடினார். பின்னால் பாஸ் வாத்தியமும் சேர்ந்ததும் இடது பக்கத்துக்குச் சுத்தமாக வேலை போய்விட்டது. சிலர் அந்தப் பக்கத்து ரீடுகளையே கழற்றிவிடுவார்கள், பெட்டி எடை குறையும்.

இரவுப்பறவை

எல்லாம் சரி. ஆனால் தவில்காரன்மகன் சொல்லும் 'பூட்டி வைத்தார்கள்' கதையை நான் அப்படியே ஏற்கவில்லை. கொன்ஹுந்தோ அடிப்படையில் டான்ஸ் இசை. ஜோடி ஜோடியாகத் தளத்தைச் சுற்றி ஆடுவதற்காக உண்டானது. அதில் கார்டை மாற்றுகிறேன், வேகத்தை மாற்றுகிறேன் என்று போனால் ஆடுகிறவன் கடுப்பாகத்தான் செய்வான். பெண் என்பதால் ஒதுக்கினார்களா, ஆட முடியாத இசை என்பதால் ஒதுக்கினார்களா? இரண்டாவதுக்கே வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறது.

தவில்காரன்மகன்

அப்படியானால் ஸ்டீவ் ஜோர்டனை எங்கே வைப்பீர்கள்? எஸ்தெபான் ஜோர்டன், 1939-ல் டெக்சாஸின் எல்சாவில் பிறந்தவர். அக்கார்டியனைச் சத்தத்தை மாற்றுகிற எஃபெக்ட்ஸ் பெடலில் செருகி, ஜாஸ், ராக் என்று எல்லாவற்றையும் கலந்தார். ராக் கிட்டார் மேதை ஜிமி ஹென்றிக்ஸ் பெயரால், அக்கார்டியனின் ஹென்றிக்ஸ் என்று பெயர் வாங்கினார். அக்கார்டியன்காரர் பாலினோ பெர்னாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொன்ஹுந்தோ பெர்னால் குழுவில் மூன்று குரல் ஹார்மனி, எல்லா அரைச்சுரமும் கிடைக்கிற குரோமாட்டிக் அக்கார்டியன் என்று எவ்வளவு சிக்கலாக்கினார்! அவரை மேதை என்றார்கள். ஆண் சிக்கலாக வாசித்தால் மேதை, பெண் வாசித்தால் ஆட முடியவில்லையா?

இரவுப்பறவை

ஜோர்டனும் ஒன்றும் கோடீஸ்வரனாகச் சாகவில்லை ஐயா. கம்பெனிகளோடு கடைசி வரை முறுக்கிக்கொண்டே இருந்த ஆள். பெர்னால் குழு சிக்கலாக வாசித்தாலும் டான்ஸ் ஹாலை விடவில்லை, ஆடும் கூட்டம் அவர்களோடு இருந்தது. நான் சொல்வது, காரணம் ஒன்று மட்டும் இல்லை என்பதுதான்.

மேற்குப்பக்கம்

இரண்டு பேரும் ரெக்கார்டைப் பற்றியே பேசுகிறீர்கள். இங்கே பணம் ரெக்கார்டில் இல்லை. சனி, ஞாயிறு டான்ஸ், கல்யாணம், கின்சியன்யேரா (பெண் குழந்தைக்குப் பதினைந்து வயது நிறைகிற விசேஷம்), கன்டினா, இவைதான் கொன்ஹுந்தோக்காரரின் வருமானம். அதில் ஒரு பெண் குழுத் தலைவியாக நுழைவது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

கன்டினா என்றால் குடிக்கிற இடம். 1950, 60-களில் 'நல்ல குடும்பத்துப் பெண்' அங்கே போனால் பெயர் கெட்டுவிடும். வாசிக்கப் போனாலும் அதே பேச்சுத்தான். அடுத்தது குழு. பாஹோ செக்ஸ்தோ, பாஸ், டிரம்ஸ் வாசிப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒரு பெண் முதலாளியாக இருந்து பாட்டைத் தேர்ந்தெடுத்து, ஒத்திகைக்கு வரச் சொல்லி, சம்பளம் பிரித்துக் கொடுப்பதை ஏற்றுக்கொள்ளப் பலருக்கு மனசு வரவில்லை. ஈவாவே பேட்டிகளில் இதைப் பேசியிருக்கிறார். ஆள் நிலைக்காத குழுவை நம்பி டான்ஸ் ஹால்காரன் எப்படி அட்வான்ஸ் கொடுப்பான்? புக்கிங் இல்லாத குழுவில் ஆள் எப்படி நிலைப்பான்? இந்தச் சுழலில் பல வருடம் போய்விட்டது.

பறவை, ஆடுகிறவர்கள் பற்றி நீங்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. இங்கே தோனி தெ லா ரோசா என்ற அக்கார்டியன்காரர் போல்காவின் வேகத்தைக் குறைத்து, பாதத்தை இழுத்து இழுத்து ஆடுகிற பாணிக்கு வசதி செய்து கொடுத்த பிறகு அந்தத் தாளம்தான் வேண்டும் என்று கூட்டம் கேட்கிறது. ஆனால் ஈவா ஆட முடியாமல் வாசிக்கிறார் என்பது தப்பு. அவர் போல்காவுக்குத் தளம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. கிழவிகள் முதல் வரிசையில் ஆடுவார்கள்.

கீர்த்தனா_ஹூஸ்டன்

ஹூஸ்டன் பெருமையை யாரும் சொல்லவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. ஈவாவுக்கு முன்னாலேயே அக்கார்டியன் ராணி என்று அழைக்கப்பட்டவர் எங்கள் ஊர்க்காரர், வெந்துரா அலோன்சோ. 1904-ல் மெக்சிகோவின் மாத்தமோரோஸில் பிறந்து, குழந்தையாக டெக்சாஸுக்கு வந்தவர். சின்ன வயதில் கற்றது பியானோ. அதனால் வாசித்ததும் பியானோக் கட்டை அக்கார்டியன். கணவர் பிரான்சிஸ்கோவோடு சேர்ந்து 'அலோன்சோ இ சுஸ் ரஞ்சேரோஸ்' குழுவை நடத்தினார். வாசிப்பும் அவர், பாட்டும் அவர். 1956-ல் குடும்பமாக 'லா தெராசா' என்ற டான்ஸ் ஹாலையே திறந்துவிட்டார்கள். 1969 வரை நடத்தினார்கள்.

மேற்குப்பக்கம் சொன்ன சுழலிலிருந்து அந்தக் குடும்பம் தப்பித்த வழியைப் பாருங்கள். ஹால் சொந்தம், குழு சொந்தம், கணவரும் பிள்ளைகளும் கூடவே மேடையில். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஊரும் ஒன்றும் சொல்ல முடியாது.

தவில்காரன்மகன்

இதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். பாடகி லிடியா மெண்டோசாவும் இப்படித்தானே? 1928-ல் சான் அன்டோனியோவில் ஓகே என்ற ரெக்கார்டு கம்பெனிக்காகக் குடும்பக் குழுவாகப் பதிவு செய்தார்கள். அம்மா, அப்பா, தங்கை, எல்லோரும் கூட. சந்தைத் திடலில் காசுக்குப் பாடியது குடும்பமாக. 1934-ல் தனியாகப் பன்னிரண்டு தந்திக் கிட்டாரோடு பாடிய 'மால் ஓம்ப்ரே' பெரிய வெற்றி. அந்தப் பாட்டின் வரிகளைச் சின்ன வயதில் சூயிங்கம் சுற்றிய காகிதத்திலிருந்து படித்தவர்! ஐடியல் ரெக்கார்டு கம்பெனியில் பாடிய கார்மென், லௌரா சகோதரிகளும் அப்படித்தான். கம்பெனி நடத்திய அர்மாந்தோ மரோக்கினின் மனைவி கார்மென்.

இந்தப் பெண்கள் எல்லோருக்கும் பின்னால் அப்பாவோ கணவரோ அண்ணனோ தொழிலைக் கையில் வைத்திருந்தார்கள். செலினா உட்பட. அப்பா மேலாளர், அண்ணன் பாட்டு, அக்கா டிரம்ஸ். ஈவாவும் தொடக்கத்தில் அண்ணன் தம்பிகளோடு வாசித்தவர்தான். ஆனால் வளர்ந்த பிறகு தன் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு, தொழிலையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அவர் கட்டிய விலை அதற்குத்தான் என்று நினைக்கிறேன். பாடுகிற பெண்ணை அந்த ஊர் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. 'மால் ஓம்ப்ரே'யே 1934. வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கு வழக்கும் பார்க்கிற பெண் என்றபோதுதான் தடுமாறிவிட்டார்கள்.

இரவுப்பறவை

இந்த வாதம் முந்தையதைவிட நன்றாக இருக்கிறது. மால் ஓம்ப்ரேயில் அவர் கையிலும் வாத்தியம் இருந்ததே என்று கேட்கலாம். ஆனால் கிட்டார் பாட்டுக்குத் துணை, அக்கார்டியன் கொன்ஹுந்தோவின் தலை. வித்தியாசம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்று. அங்கீகாரமே கிடைக்கவில்லை என்பது போல எழுதுகிறீர்கள். 2017-ல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்திருக்கிறதே? நாட்டுப்புறக் கலைகளில் அதற்கு மேல் அவர்களிடம் விருது இல்லை. 25,000 டாலர் பணமும் உண்டு.

மேற்குப்பக்கம்

ஆமாம். அந்த விருது யார் யாருக்கு எப்போது கிடைத்தது என்று பாருங்கள். லிடியா மெண்டோசா 1982, விருது தொடங்கிய முதல் வருடமே. நார்சிசோ மார்த்தினெஸ் 1983. வலேரியோ லோங்கோரியா 1986. தோனி தெ லா ரோசா 1998. சாந்தியாகோ ஹிமெனெஸ் ஜூனியர் 2000. மிங்கோ சால்டிவார் 2002. ஃப்ளாகோ ஹிமெனெஸ் 2012. ஈவா 2017. பாடகியான பெண் வரிசையில் முதல் ஆள், நடுவில் எல்லோரும் அக்கார்டியன் வாசித்த ஆண்கள், அக்கார்டியன் பெண் கடைசி ஆள். தவில்காரன்மகன் சொன்னது இந்த வரிசையிலும் தெரிகிறது.

ஒன்று சொல்ல வேண்டும், ஃப்ளாகோவுக்கு 2012 வரை ஆனதும் ஆச்சரியம்தான். அவர் கிராமி எல்லாம் வாங்கி, ரோலிங் ஸ்டோன்ஸ் ஆல்பத்தில் வாசித்து முடித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. எனவே இந்தப் பட்டியலை வைத்து மட்டும் அதிகம் இழுக்க வேண்டாம்.

ஓரத்து நாற்காலி

நீண்ட நாள் வாசகன், முதல் பதிவு. விருதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது அவர் சொல்லிக் கொடுத்தது. 1997-ல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வருகைக் கலைஞராகப் போய் மாணவர்களுக்குக் கொன்ஹுந்தோ கற்றுக்கொடுத்தார். ரவுண்டர் ஆல்பங்கள் இரண்டும் ('ஆ மி சான் அந்தோனியோ', 1996-ல் வந்த 'ரொமான்செ இனோல்விதாப்லே') அவரை அப்படிப்பட்ட இடங்களுக்குக் கொண்டு சேர்த்தன. சொந்த ஊர் கன்டினா தராத மரியாதையை எங்கோ வடக்கே இருக்கிற பல்கலைக்கழகம் தந்தது.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ரவுண்டர் நாட்டுப்புற இசைக் கம்பெனி. அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிற, உட்கார்ந்து கேட்கிற கூட்டம். சான் அன்டோனியோ மேற்குப் பகுதியில் ரேடியோவில் எந்தப் பாட்டு ஓடும் என்பதை அந்த சிடி மாற்றவில்லை. ஆய்வாளர்களுக்கும் விழாக்காரர்களுக்கும் தெரிந்த பெயர், ரேடியோவுக்குத் தெரியாத பெயர் என்று ஒரு விசித்திரமான நிலை. வெளியூரில் கச்சேரி, வீட்டுப் பக்கத்தில் சும்மா இருப்பு.

கீர்த்தனா_ஹூஸ்டன்

அதற்காக விழாக்களைக் குறை சொல்ல முடியாது நாற்காலி சார். சான் அன்டோனியோவில் குவாதலூப்பே கலை மையம் 1982 முதல் நடத்தும் தெஹானோ கொன்ஹுந்தோ விழா இல்லையென்றால் இந்த இசையைத் தூக்கி நிறுத்த வேறு யார் இருந்தார்கள்? அதே மையத்தில் அக்கார்டியன், பாஹோ செக்ஸ்தோ வகுப்புகளும் உண்டு. வலேரியோ லோங்கோரியாவே அங்கே வாத்தியாராக இருந்தவர். ஈவாவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மேற்குப்பக்கம்

விழாவில் அவர் வாசித்ததைப் பார்த்திருக்கிறேன். மே மாத வெயில், ரோஸ்டேல் பார்க், நெற்றியிலிருந்து வேர்வை ஊற்றுகிறது. உயரம் குறைவான அம்மா, பெட்டி அவர் உடம்பில் பாதி இருக்கும். அலங்காரமான உடை, அலங்காரமான தலை. பாட்டைப் பாடிக்கொண்டே சரணத்துக்கு இடையில் வலது கையால் ஒரு ஓட்டம் ஓடினார், பாஹோ செக்ஸ்தோக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஒத்திகையில் இல்லாத ஒன்று என்று முகத்திலேயே தெரிந்தது. என் பக்கத்தில் நின்ற தாத்தா 'எசோ!' என்று கத்தினார், நம் ஊரில் சபாஷ் போடுகிற மாதிரி. அவர் பேத்தி கையில் சின்ன ஹோனர் பெட்டி.

இப்போது பெண் பிள்ளைகள் நிறையவே வாசிக்கிறார்கள் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். டெக்சாஸ் ஃபோக்லைஃப் அமைப்பு 2007-லிருந்து இளைஞர்களுக்கு நடத்தும் அக்கார்டியன் போட்டியிலும் மேடையேறுகிறார்கள்.

ரீட்ஸ் பாண்டி

எல்லோரும் வாசிப்பையே பேசி அவர் குரலை விட்டுவிட்டீர்கள். தடித்த, கொஞ்சம் கரகரத்த குரல். ரஞ்சேரா என்கிற மெக்சிகோ நாட்டுப்புறப் பாட்டில் நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டுவார், கதறமாட்டார். பாடும்போது அக்கார்டியன் ஒதுங்கிக்கொள்ளும், வரி முடியும் இடத்தில் உள்ளே வரும். தானே பாடித் தானே வாசிக்கிறவர்களுக்கு இது கஷ்டம், இரண்டில் ஒன்று மந்தமாகிவிடும். பாட்டு நடக்கும்போது துருத்தி நிறையக் காற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பது ஒரு கலை. வரி முடிந்ததும் பெட்டி காலியாக இருந்தால் என்ன செய்வது?

இரவுப்பறவை

சரி, எங்கே தொடங்குவது? ஒரு வரிசை கொடுங்கள். நான் இன்னும் என் கட்சியை முழுக்க விடவில்லை, கேட்டுவிட்டு வந்து சண்டை போடுகிறேன்.

தவில்காரன்மகன்

'ஆ மி சான் அந்தோனியோ'வில் தொடங்குங்கள். தலைப்புப் பாட்டு அவரே எழுதியது. அதற்கு முன்னால் நார்சிசோ மார்த்தினெஸின் 30-களின் பதிவு இரண்டு மூன்று கேட்டுக்கொண்டால், ஈவா எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பது காதுக்கே புரியும். நடுவில் ஒரு தோனி தெ லா ரோசா. அப்புறம் வந்து ஆட முடியாது என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.

கீர்த்தனா_ஹூஸ்டன்

என் பெண்ணுக்கு எட்டு வயது. இந்த இழையை அவளுக்குச் சொன்னதிலிருந்து பெட்டி வேண்டும் என்று நச்சரிக்கிறாள். பாண்டி அண்ணா, மூன்று வரிசைப் பெட்டியிலேயே 'சோல்', 'ஃபா', 'மி' என்று விதவிதமாகச் சொல்கிறார்களே, எதை வாங்குவது?

ரீட்ஸ் பாண்டி

அதெல்லாம் சுருதிதான். சோல் என்றால் ஜி, சி, எஃப் வரிசைகள். ஃபா என்றால் எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட். மி என்றால் ஈ, ஏ, டி. விரல் வைக்கும் முறை மூன்றிலும் ஒன்றேதான், ஒன்றில் கற்றால் மற்றதில் அப்படியே வாசிக்கலாம். அதனால்தான் மேடைக்காரர்கள் பாடகர் சுருதிக்குத் தக்கபடி இரண்டு மூன்று பெட்டி வைத்திருப்பார்கள்.

எந்த வாத்தியாரிடம் சேர்க்கப் போகிறீர்களோ அவர் வைத்திருக்கும் சுருதியிலேயே வாங்குங்கள், கூட உட்கார்ந்து வாசிக்க வேண்டுமே. பழைய பெட்டி என்றால் வாங்குவதற்கு முன் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் துருத்தியின் பட்டியைக் கழற்றித் தொங்கவிட்டுப் பாருங்கள். தானாகச் சரசரவென்று விரிந்து இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது, விட்டுவிடுங்கள். மெதுவாக இறங்கினால் வலது பக்கத்து ஒவ்வொரு பொத்தானையும் தள்ளியும் இழுத்தும் தனித்தனியாக வாசித்துப் பாருங்கள், 62 சத்தமும் வர வேண்டும். எட்டு வயதுக்கு முழு அளவுப் பெட்டி கனமாக இருக்கும், முதலில் உட்கார்ந்தே வாசிக்கட்டும். தோள்வார் இரண்டையும் போடச் சொல்லுங்கள், ஒரு தோளில் மாட்டுகிற ஸ்டைல் எல்லாம் அப்புறம்.